ஒரு மசோதாவைப் பின்தொடர்வது எப்படி? நாடாளுமன்றத்தின் வலுவைக் கணிக்க ஒரு வழிகாட்டி

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் நாளேடுகளில் இரண்டு கணக்குகள் வெளியாகும். இத்தனை மசோதாக்கள் நிறைவேறின என்று அரசுத் தரப்பு பெருமையுடன் சொல்லும். இத்தனை மணி நேரம் அமளியில் வீணானது என்று மற்றொரு கணக்கு வரும். இரண்டையும் படித்து முடித்த பிறகும், அரசமைப்புச் சட்டத்தின் 75(3)-ஆம் பிரிவு சொல்கிறபடி அமைச்சரவை மக்களவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதாக நடந்துகொண்டதா என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. அந்த விடையைத் தாமே தேடிக்கொள்ள விரும்புகிறவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. சட்டப் படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் இணைய வசதியும் சில மாதப் பொறுமையும் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய பலம் கொண்ட அரசு நாடாளுமன்றத்தைப் பூட்டிவிடுவதில்லை. 1975-இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தபோதும் இரு அவைகளும் கூடத்தான் செய்தன. பிரதமரின் தேர்தல் வெற்றியை நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் வைக்கக் கொண்டுவரப்பட்ட 39-ஆவது அரசமைப்புத் திருத்தத்தை ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையும், மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றின. 10-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. ஆவணங்களை மட்டும் புரட்டினால் அறிமுகம், வாக்கெடுப்பு, ஒப்புதல் என்று எல்லாம் முறையாக நடந்தது போலவே தோன்றும். ஆகவே, விதி மீறப்பட்டதா என்று தேடுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. விதியிலேயே இடம் தரப்பட்டிருக்கும் விதிவிலக்கு வாடிக்கையாகிவிட்டதா, எந்தக் கட்டம் தாண்டிச் செல்லப்பட்டது, அதனால் யாருடைய கேள்வி கேட்கப்படாமல் போனது என்று பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு மசோதா

கூட்டத்தொடர் முழுவதையும் கவனிக்க முயல்கிறவர்கள் இரண்டாம் வாரத்திலேயே சலித்துப்போவார்கள். அதைவிட, உங்கள் தொழிலையோ வாழ்க்கையையோ தொடுகிற ஒரு மசோதாவைத் தேர்ந்துகொள்வது நல்லது. மீன்பிடித் தொழில், தொழிலாளர் நலன், உயர்கல்வி, தனிநபர் தரவு என்று உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமுள்ள துறையாக இருந்தால், மசோதாவில் விடுபட்டிருப்பது என்ன என்பது தானாகவே கண்ணில் படும்.

நோட்டில் தேதிகளை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வந்த நாள், அவையில் அறிமுகமான நாள், குழுவுக்குப் போன நாளும் திரும்பிய நாளும், ஒவ்வோர் அவையிலும் விவாதம் நடந்த நாள், ஒப்புதல் கிடைத்த நாள், சட்டம் நடைமுறைக்கு வந்த நாள், விதிகள் அறிவிக்கப்பட்ட நாள் ஆகியவையே தேவை. இவை அனைத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரப்பூர்வ ‘சன்சத்’ இணையதளத்தின் மசோதாக்கள் பகுதியிலும், அவைகளின் அன்றாடச் செய்தி அறிக்கைகளிலும், அரசிதழிலும் கிடைக்கும். மத்திய அரசின் செயலாளர்கள் குழு 2014 ஜனவரியில் எடுத்த முடிவின்படி, ஒரு வரைவுச் சட்டம் குறைந்தது 30 நாட்களுக்கு மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட வேண்டும். இது கொள்கைதானே தவிர, சட்டமன்று. எனவே மீறினால் தண்டனை கிடையாது. உங்கள் பட்டியலின் முதல் தேதியே வெற்றிடமாக இருந்தால் வியப்படைய வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்.

மசோதாவின் பிரதி கையில் கிடைத்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். அங்கே நோக்கங்கள், காரணங்கள் பற்றிய அறிக்கையும், செலவு பற்றிய நிதிக் குறிப்பும், அவற்றையடுத்து ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் அதிகாரம் குறித்த குறிப்பும் இருக்கும். எல்லோரும் முதலாவதைப் படிக்கிறார்கள், மூன்றாவதுதான் முக்கியம். நாடாளுமன்றம் தானே தீர்மானிக்காமல், பின்னர் விதிகளின் மூலம் தீர்மானித்துக்கொள்ளுமாறு அரசிடம் விட்டுவிடும் உட்பிரிவுகள் எவை என்பதை அந்தக் குறிப்பே வரிசையாகச் சொல்லிவிடும். அந்த எண்களைக் கொண்டு மசோதாவுக்குள் திரும்பிச் சென்று, ஒப்படைக்கப்பட்டவை படிவத்தின் அளவு, கட்டணத் தொகை போன்ற சில்லறை விஷயங்களா, அல்லது யாருக்குச் சட்டம் பொருந்தும், யாருக்கு விலக்கு உண்டு என்பது போன்ற உயிர்நாடியான விஷயங்களா என்று பாருங்கள். குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியது. அதன் விதிகள் 2024 மார்ச் 11 அன்றுதான் அறிவிக்கப்பட்டன. அவையில் அவசரமாக இருந்த ஒன்று அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க முடிந்தது என்பதை, தேதிகளை வரிசைப்படுத்திப் பார்த்தவர் உடனே கவனித்திருப்பார்.

குழு அறை

நாடாளுமன்றத்தின் உண்மையான வேலை பெரும்பாலும் குழுக்களில்தான் நடக்கிறது. துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 1993-இல் 17 ஆக அமைக்கப்பட்டு, 2004-இல் 24 ஆக உயர்த்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேரும் இருப்பார்கள். தொலைக்காட்சிக் கேமரா இல்லாத அந்த அறைகளில் துறைச் செயலாளர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்சிக் கொறடாவின் உத்தரவும் அங்கே செல்லாது. பி.ஆர்.எஸ். ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 15-ஆவது மக்களவையின் காலத்தில் ஏறத்தாழ 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 2019 முதல் 2024 வரையிலான 17-ஆவது மக்களவையின் காலத்தில் அது 16 விழுக்காடாகச் சுருங்கியது.

ஆனால் குழுவுக்குப் போய்விட்டது என்பதாலேயே நிம்மதி அடைந்துவிடக் கூடாது. வக்ஃபு திருத்த மசோதா கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டபோது, ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் முன்வைத்த 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. எதிர்க்கட்சியினர் முன்வைத்த 44 திருத்தங்களும் வாக்கெடுப்பில் தள்ளப்பட்டன. குழுவின் அறிக்கை வெளியானதும் அதன் இறுதியில் உள்ள மாற்றுக் கருத்துக் குறிப்புகளைத் தவறாமல் படியுங்கள். பரிந்துரைகளில் நயமாக மூடப்பட்டிருப்பவை அங்கேதான் வெளிப்படையாக இருக்கும்.

குழுக்கள் மசோதாக்களின் மீது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுப்பதுண்டு. அவகாசம் குறைவாகவே இருக்கும் என்பதால், நீங்கள் தேர்ந்துகொண்ட மசோதா குழுவுக்குப் போன அன்றே உங்கள் கருத்தை எழுதத் தொடங்கிவிடுங்கள். சட்டம் மோசமானது என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. இந்த உட்பிரிவில் இந்தச் சொல்லுக்குப் பதில் இந்தச் சொல் வர வேண்டும், காரணம் இது என்று இரண்டு பக்கங்களுக்குள் எழுதினால் யாரோ ஓர் உறுப்பினர் அதைக் கையில் எடுத்துப் பேச வாய்ப்புண்டு.

வாக்கெடுப்பு நடந்த நிமிடங்கள்

அவையில் மசோதா எடுத்துக்கொள்ளப்படும் நாளில் சன்சத் தொலைக்காட்சியைப் பார்க்கலாம். ஆனால் முடிவு செய்வதற்கு, பின்னர் வெளியாகும் சொல்லுக்குச் சொல் பதிவையே நம்புங்கள். விவாதம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எதிர்க்கட்சியினர் அவையில் இருந்தார்களா, திருத்தங்கள் தனித்தனியே எடுத்துக்கொள்ளப்பட்டனவா, வாக்கெடுப்பு எப்படி நடந்தது என்பனவற்றைப் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

குரல் வாக்கெடுப்பில், ஆதரிப்போர் ஆம் என்றும் எதிர்ப்போர் இல்லை என்றும் குரல் கொடுப்பார்கள். எது ஓங்கி ஒலித்தது என்று அவைத் தலைவர் அறிவிப்பார். அதை ஓர் உறுப்பினர் ஏற்க மறுத்து டிவிஷன் கேட்டால், மக்களவையில் மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும். பிறகு கதவுகள் அடைக்கப்பட்டு, உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் உள்ள பொத்தான்களை அழுத்துவார்கள். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் விலகி நிற்றல். எண்ணிக்கை தெரிவது மட்டும் இதன் பயன் அன்று. யார் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகிறது. குரல் வாக்கெடுப்பில் உங்கள் தொகுதி உறுப்பினர் என்ன சொன்னார் என்று நீங்கள் எந்நாளும் நிரூபிக்க முடியாது; அவரும் ஊருக்கு வந்து எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று வேளாண் சட்டங்களின் வரலாற்றை இந்த முறைப்படி ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. 2020 ஜூன் 5 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில், அவை அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பர் 14 அன்று மசோதாக்களாக மக்களவையில் அறிமுகமாயின. நிலைக்குழுவுக்கோ, ஒரு மசோதாவை ஆராய்வதற்கென்றே அமைக்கப்படும் தேர்வுக் குழுவுக்கோ அனுப்பப்படவில்லை. அந்தக் கூட்டத்தொடரில், அமைச்சர்கள் நேரில் பதில் சொல்லும் கேள்வி நேரமும் கிடையாது; எழுத்துப் பதில்கள் மட்டுமே. 17-ஆம் தேதிக்குள் மூன்றும் மக்களவையைத் தாண்டின. அதே நாளில் ஆளும் கூட்டணியைச் சேர்ந்த சிரோமணி அகாலி தளத்தின் ஹர்சிம்ரத் கௌர் பாதல் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அதாவது, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது; வாக்குகள் எண்ணப்பட வேண்டிய தேவையும் அதனால் கூடியிருந்தது.

20-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவற்றுள் இரண்டு மாநிலங்களவைக்கு வந்தன. பிற்பகல் ஒரு மணிக்கு முடிய வேண்டிய அமர்வு எதிர்ப்புக்கிடையே நீட்டிக்கப்பட்டது. மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரும் தீர்மானங்களின் மீது எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டனர். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே அனைத்தையும் முடித்தார். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்து டிவிஷன் கேட்கவில்லை என்பது அவர் தரப்பு விளக்கம். தி.மு.க.வின் திருச்சி சிவா உள்ளிட்டோர் இருக்கையிலிருந்தே கேட்டதை அவையின் ஒளிப்பதிவு காட்டுவதாகப் பின்னர் செய்திகள் வந்தன. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 27-ஆம் தேதிக்குள் ஒப்புதல் கிடைத்தது. டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேல் நீடித்த விவசாயிகளின் போராட்டத்துக்குப் பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அவற்றைத் திரும்பப் பெறும் மசோதா இரு அவைகளிலும் ஒரே நாளில் விவாதமின்றி நிறைவேறியது. சட்டம் வந்தபோதும் காரணம் கேட்க முடியவில்லை, போனபோதும் கேட்க முடியவில்லை. இரண்டாவதைப் பலர் வெற்றி என்று கொண்டாடிவிட்டு மறந்துவிட்டார்கள். நாடாளுமன்றத்தின் கோணத்தில் இரண்டும் ஒரே குறைபாடு.

இந்தப் பழக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. 2014 பிப்ரவரி 18 அன்று ஆந்திரப் பிரதேசத்தைப் பிரிக்கும் மசோதா, நேரலை ஒளிபரப்பு நின்றுபோன நிலையில், காங்கிரஸ் தலைமையிலான அரசின் காலத்தில் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. உங்களுக்குப் பிடித்த கட்சி ஆண்ட காலத்து மசோதா ஒன்றையும் இதே நோட்டில் எழுதி வைத்தால், அளவுகோல் கோணாமல் இருக்கும்.

சில வேளைகளில் எல்லாக் கட்டங்களும் நிறைவேறியிருக்கும், ஆட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் குறித்து உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கோரி எழுந்த அமளியின் தொடர்ச்சியாக, இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றான மசோதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்கள் 20, 21 தேதிகளில் நிறைவேறியபோது அவர்களுள் ஏறக்குறைய அனைவரும் வெளியே இருந்தார்கள். இம்மசோதாக்கள் நிலைக்குழுவைக் கண்டவைதான். எனவே, வாக்கெடுப்பு நாளன்று இடைநீக்கத்தில் இருந்தோரின் எண்ணிக்கையையும் தேதிப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

குறுக்கு வழிகள்

மூன்று குறுக்கு வழிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். முதலாவது அவசரச் சட்டம். 123-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் கூடாத காலத்தில் குடியரசுத் தலைவர் அதைப் பிறப்பிக்கலாம். அவை மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் அது காலாவதியாகும். பிகாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டு, அவற்றுள் பல மீண்டும் மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் நீடித்தன. உச்ச நீதிமன்றம் 1986-இல் அதைக் கண்டித்தது. 2017-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, இவ்வாறு மறுபடி பிறப்பிப்பது அரசமைப்பின் மீதான மோசடி என்றே கூறிவிட்டது. ஆகவே, உங்கள் மசோதா அவசரச் சட்டமாகப் பிறந்ததா, அது பிறந்த நாளுக்கும் அடுத்த கூட்டத்தொடருக்கும் இடையே எத்தனை நாள் என்று பாருங்கள்.

இரண்டாவது பண மசோதா என்ற முத்திரை. வரி, கடன், அரசின் தொகுப்பு நிதி போன்றவற்றை மட்டுமே பற்றிய மசோதாவைத்தான் 110-ஆம் பிரிவு அவ்வாறு வகைப்படுத்துகிறது. சபாநாயகரின் சான்றே முடிவானது. முத்திரை விழுந்துவிட்டால் மாநிலங்களவை 14 நாட்களுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், தடுக்க முடியாது. 2016 மார்ச் 16 அன்று ஆதார் மசோதாவில் மாநிலங்களவை ஐந்து திருத்தங்களைப் பரிந்துரைத்தது. மக்களவை அன்றே ஐந்தையும் நிராகரித்தது. அப்போது ஆளுங்கட்சிக்கு மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லை என்பதைச் சேர்த்துப் படித்தால் முத்திரையின் பயன் புரியும். 2018-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மைத் தீர்ப்பு இதை ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மட்டும் தம் மாறுபட்ட தீர்ப்பில் அரசமைப்பின் மீதான மோசடி என்றார். தேர்தல் பத்திரத் திட்டத்துக்கு வழி செய்த திருத்தங்களும் 2017-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குள் வந்தவையே. உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தது.

மூன்றாவது கில்லட்டின். துறைகளின் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அரசு கேட்கும் தொகைகளை, விவாதிக்கக் குறித்த நேரம் முடிந்ததும், விவாதிக்கப்படாதவை அனைத்தும் ஒரே மூச்சில் வாக்குக்கு விடப்படும். எல்லா அரசுகளும் இதைக் கையாண்டிருக்கின்றன. ஆனால் 2018 மார்ச் 14 அன்று, அவை அமளியில் இருக்க, எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் மக்களவையில் விவாதமே இன்றி நிறைவேறின.

ஆளுங்கட்சி வரிசையின் மௌனம்

எதிர்க்கட்சி பேசுவது எதிர்பார்க்கத்தக்கதே. ஆளுங்கட்சி உறுப்பினர் தம் அரசிடம் கேள்வி கேட்கிறாரா என்பதே நாடாளுமன்றத்தின் ஆரோக்கியத்தைக் காட்டும். 1985-இன் 52-ஆவது திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கிற உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். ஆட்சியைக் காக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு இது பொருந்துவதில் நியாயம் உண்டு. சாதாரண மசோதாவின் ஒரு உட்பிரிவுக்கும் இதே தண்டனை என்பது, என் பார்வையில், அரசைக் கேள்வி கேட்க வேண்டிய உறுப்பினரை வெறும் எண்ணிக்கையாக ஆக்கிவிட்டது. தகுதிநீக்கத்தை முடிவு செய்கிறவரும் சபாநாயகர்தான். அவருடைய நடுநிலைக்குத் துணையாக எதிர்வரிசையைச் சேர்ந்த ஒருவரைத் துணை சபாநாயகராக்கும் மரபு ஒன்று உண்டு. 16-ஆவது மக்களவையில் அ.தி.மு.க.வின் மு. தம்பிதுரை அப்பதவியில் இருந்தார். அடுத்த மக்களவையின் ஐந்தாண்டு முழுவதும் அந்த இருக்கை காலியாகவே இருந்தது. கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 93-ஆம் பிரிவு சொல்கிறது, கெடு எதையும் அது வைக்கவில்லை.

கேள்வி கேட்க வைப்பது

கவனிப்பதோடு நிற்காமல் செயல்பட விரும்பினால், கேள்வி நேரமே மிக எளிய வாசல். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் மக்களவையில் நாளொன்றுக்கு 20. அவற்றுக்கு அமைச்சர் நேரில் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் வரும். நட்சத்திரக் குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கிடைக்கும். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே அறிவிப்புத் தர வேண்டியிருப்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டவுடனேயே உங்கள் உறுப்பினரின் அலுவலகத்துக்கு வரைவுக் கேள்வியை எழுதி அனுப்பிவிடுங்கள். கேள்வி நேரத்தை அமளியால் முடக்கும் எதிர்க்கட்சி அரசுக்கு உதவியே செய்கிறது என்பதையும் அந்தக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

கேள்வியைக் குறுகலாக அமையுங்கள். அரசு என்ன நடவடிக்கை எடுத்தது என்று கேட்டால் திட்டங்களின் பெயர்ப் பட்டியல்தான் வரும். இத்தனை ஆண்டுகளில், மாநில வாரியாக, எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்று கேட்டால் எண் கிடைக்கும், அல்லது எண் இல்லை என்ற வாக்குமூலம் கிடைக்கும். இரண்டாவதும் பயனுள்ளதே. ஊரடங்கில் சொந்த ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றி 2020 செப்டம்பர் 14 அன்று கேட்கப்பட்டபோது, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தது. நாடு முழுவதையும் அரசைத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்த ஒரு வரிதான்.

பதில் வந்ததும், கேள்வியின் (அ), (ஆ), (இ), (ஈ) பகுதிகளுக்குத் தனித்தனியே பதில் இருக்கிறதா, அல்லது (அ) முதல் (ஈ) வரை என்று தலைப்பிட்டு ஒரே பத்தியில் எல்லாம் கரைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பகுதிக்கு விடை இல்லையோ அதையே அடுத்த கூட்டத்தொடருக்கான தனிக் கேள்வியாக்கி மீண்டும் அனுப்புங்கள். தகவல் சேகரிக்கப்பட்டு அவையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொல்லியிருந்தால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்றப்பட வேண்டும். அந்தக் காலம் கடந்ததும், கேள்வியின் எண்ணையும் பதில் வந்த தேதியையும் குறிப்பிட்டு, அரசு உறுதிமொழிகள் குழுவில் உள்ள உறுப்பினர் ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள். குழுவின் உறுப்பினர் பட்டியல் அதே சன்சத் இணையதளத்தில் இருக்கிறது.